பழைய சர்ப்ளஸ் பிஸ்டல் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிடியுங்கள்

கடையில் பார்க்கும்போது பளபளவென்று இருந்த பிஸ்டல், சுடும் பயிற்சி ரேஞ்சில் மூன்றாவது தோட்டாவிலேயே சிக்கிக்கொண்டு நிற்கும். சர்ப்ளஸ் வாங்குகிற எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. நான் இருப்பது அமெரிக்காவில். இங்கே நண்பர்கள் என் மேஜைக்குக் கொண்டுவரும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒரே கூட்டம்தான்: செக் நாட்டு சிஇசட் 82, சிஇசட் 70, ரஷ்ய, பல்கேரிய, கிழக்கு ஜெர்மன் மகரோவ், ஹங்கேரியின் பிஏ-63, போலந்தின் பி-64, வால்தர் பிபி. அபூர்வமாக ஒரு டோக்கரேவ் வரும், முதல் உலகப்போர்க் காலத்து ரூபி வரும். எல்லாம் ஏதோ ஒரு ராணுவமோ போலீஸோ கழித்துக் கட்டியவை. கோளாறுகளும் திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான்.

சந்தேகப்பட வேண்டிய வரிசை மாறவே மாறாது. முதலில் தோட்டா, அடுத்து மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி), அடுத்து உள்ளே உறைந்து கிடக்கும் கிரீஸ், அதன்பிறகு ஸ்ப்ரிங். இந்த நாலும் சுத்தம் என்று தெரிந்த பிறகுதான் இரும்பில் கை வைக்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பழுதுக்குப் போகும் முன் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் பெற்ற செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் 'வைத்திருத்தல்' கணக்கில்தான் வரும். ஆபீஸ் நண்பர்களோடு விளையாட்டாகப் போகிறவர்கள் பலருக்கு இது தெரியாது. கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. 50 வயது தாண்டிய, பழைய வடிவம் மாறாத துப்பாக்கிகளைச் சேகரிக்கிறவர்களுக்கு 'க்யூரியோ அண்ட் ரெலிக்' உரிமம் என்று ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 30 டாலர். வாங்குவதையும் விற்பதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். மாநிலச் சட்டம் இதற்கு மேல் கெடுபிடியாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

## எந்தப் புகாரானாலும் முதலில் இது

மேகசினை உருவுங்கள். ஸ்லைடை (மேலே முன்னும்பின்னும் நகரும் பகுதி) பின்னால் இழுத்து நிறுத்தி, சேம்பரை (குழலில் தோட்டா உட்காரும் பின்முனை) கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலால் தடவியும் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த மேஜையிலேயே இருக்கக் கூடாது, அடுத்த அறைக்குப் போகட்டும்.

அடுத்தது கிரீஸ். கிடங்கில் பல வருடம் கெடாமல் இருக்க காஸ்மொலின் என்ற மெழுகுக் கிரீஸில் முக்கி வைத்திருப்பார்கள். விற்பவர் வெளிப்பக்கம் துடைத்துக் கொடுத்துவிடுவார். உள்ளே, ஃபயரிங் பின் (தோட்டாவின் பின்பக்கத்தைத் தட்டும் ஊசி) ஓடும் துளையில், தோட்டாவைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில், மேகசின் குழாயின் மூலைகளில் அது அப்படியே இருக்கும். கிரிப்பைக் கழற்றாமல் ரேஞ்சுக்குப் போனால், துப்பாக்கி சூடானதும் கிரிப் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் கசிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும். கிரிப்பைக் கழற்றிவிட்டு, இரும்புப் பாகங்களை மினரல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, உலரவிட்டு, லேசாக எண்ணெய் பூசுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. என்னிடம் வரும் பிஸ்டல்களில் ஒரு பங்கு இந்தக் குளியலோடே சரியாகி வீட்டுக்குப் போய்விடும்.

மூன்றாவது, தோட்டாவின் அளவு. ஸ்லைடில் '9 மி.மீ.' என்று இருந்தால் கடையில் கிடைக்கும் சாதாரண 9 மி.மீ. என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சாதாரண 9 மி.மீ. லூகரின் கேஸ் (மருந்து அடைத்த உலோகக் கூடு) 19 மி.மீ. நீளம். மகரோவ், சிஇசட் 82, பிஏ-63, பி-64 நான்கும் சுடுவது 18 மி.மீ. நீளமுள்ள 9x18. 'கோர்ட்டோ', 'குர்ஸ்', 'கூர்' என்று எந்த ஐரோப்பிய மொழியில் எழுதியிருந்தாலும் அது 17 மி.மீ. நீளமுள்ள .380. அதேபோல் '7.65' என்றால் பெரும்பாலும் .32 ஏசிபி. ஆனால் பழைய லூகரின் 7.65 பாராபெல்லம் வேறு, பிரெஞ்சு 1935 மாடலின் நீளமான 7.65 வேறு. (இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட ரகம், .32க்கு உரிமம் உண்டு. அதனால் 'பாயிண்ட் 32' என்ற பெயர் நம் ஆட்களுக்குப் பழக்கம். இங்கே அது ஒரு சாதுவான, மலிவான பழைய தோட்டா, அவ்வளவுதான்.)

## 'க்ளிக்' என்கிறது, வெடிக்கவில்லை

குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு 30 விநாடி எண்ணுங்கள். பழைய ராணுவத் தோட்டா என்றால் ஒரு நிமிடம். தாமதமாக வெடிக்கும் தோட்டா அபூர்வம்தான், ஆனால் நடக்காததல்ல. அதன்பிறகு தோட்டாவை வெளியே எடுத்து, பின்பக்கம் நடுவில் இருக்கும் பிரைமரை (தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), அதில் ஊசி பதித்த குழியை உற்றுப் பாருங்கள். எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தக் குழிதான் சொல்லும்.

குழி ஆழமாக, நடுவில் இருக்கிறது. தோட்டாதான் கெட்டது. வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதில் எல்லாமே வெடித்தால் விஷயம் முடிந்தது.

குழி மேலோட்டமாக இருக்கிறது. ஊசி போய்த் தட்டுகிறது, ஆனால் பலம் போதவில்லை. இந்த வரிசையில் பாருங்கள்.

ஸ்லைடு முழுசாக மூடியிருந்ததா? அரை மி.மீ. திறந்திருந்தாலும் ஹேமரின் (ஊசியை அடிக்கும் சுத்தியல்) பலத்தில் கொஞ்சம் ஸ்லைடை மூடுவதிலேயே வீணாகிவிடும். அப்படியானால் சேம்பரைச் சுத்தம் செய்யுங்கள்.

ஊசி தாராளமாக ஓடுகிறதா? மகரோவின் ஃபயரிங் பின்னுக்கு ஸ்ப்ரிங்கே கிடையாது, துளைக்குள் சும்மா கிடக்கும். ஸ்லைடைத் தனியாகக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினால் 'கிலுக் கிலுக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையா, உள்ளே மெழுகு அடைத்திருக்கிறது. சேஃப்டி நெம்பை மேலே முழுசாகத் தள்ளிப் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும், ஊசியும் தானாக விழும். துளையைத் துடைத்து உலர்த்துங்கள். திரும்ப எண்ணெய் விடாதீர்கள். விட்டால் குளிரில் அதுவே அடுத்த மெழுகு. ஊசிக்கு ஸ்ப்ரிங் உள்ள மாடல்களில் இந்தச் சத்தம் வராது. அதில் பின்னால் இருந்து அழுத்தினால் முன்னால் வந்து, விட்டால் உள்ளே போக வேண்டும்.

ஹேமரைக் கையால் பின்னிழுத்துச் சுட்டால் வெடிக்கிறது, டிரிக்கரை மட்டும் இழுத்துச் சுட்டால் வெடிப்பதில்லையா? மெயின் ஸ்ப்ரிங் (ஹேமரைத் தள்ளும் ஸ்ப்ரிங்) மெலிவு. பி-64 வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அந்தத் துப்பாக்கியின் முதல் இழுப்பு அநியாயத்துக்கு இறுக்கம். அதனால் முந்தைய சொந்தக்காரர் லேசான ஸ்ப்ரிங் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். இழுக்கச் சுகமாக இருக்கும், கடினமான பிரைமரில் வெடிக்காது. ஒரு படி இறுக்கமான ஸ்ப்ரிங் வாங்கிப் போடுங்கள். உல்ஃப் கம்பெனி இந்தப் பழைய மாடல்களுக்கெல்லாம் பவுண்ட் கணக்கில் ஸ்ப்ரிங் விற்கிறது.

குழியே இல்லை. சேஃப்டியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். வால்தர் பிபி, பிஏ-63 இரண்டிலும் நெம்பு கீழே இருந்தால் பூட்டு. மகரோவில் மேலே இருந்தால் பூட்டு. இரண்டும் வைத்திருப்பவருக்குக் கை குழம்பும். எஃப்என் 1910, 1922, மவுசர் எச்எஸ்சி போன்றவற்றில் மேகசின் உள்ளே இல்லையென்றால் டிரிக்கர் வேலை செய்யாது. எஃப்என்னில் கிரிப்பின் பின்பக்கம் ஒரு சேஃப்டி வேறு இருக்கிறது, அதையும் கை அழுத்தியிருக்க வேண்டும். இதெல்லாம் சரி என்றால் ஊசியைக் கழற்றி நுனியைப் பாருங்கள். செக் நாட்டு சிஇசட் 52க்கு இது பிரசித்தமான நோய். அதன் பழைய வார்ப்பு ஊசி, தோட்டா இல்லாமல் டிரிக்கரை இழுத்து விளையாடினாலே ஒடிந்துவிடும். மாற்று ஊசி கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. வாங்கும்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.

கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) எப்போது: புது ஊசி போட்டும் குழி நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தால், அல்லது ஊசி வெளிவரும் துளை அரித்து அகன்றிருந்தால்.

## சத்தம் மெலிந்து கேட்டது, உதையே இல்லை

உடனே நிறுத்துங்கள். 'டப்' என்று ஒரு பொசுங்கல் சத்தம் வந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், கை போகும். தோட்டாவை அகற்றி, ஸ்லைடைக் கழற்றி, சேம்பர் பக்கமிருந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் பித்தளைக் கம்பியும் அனுபவமும் உள்ளவர் கையில் கொடுங்கள். அந்தப் பெட்டியில் மிச்சமிருக்கும் தோட்டாக்களைச் சுட வேண்டாம்.

## தோட்டா ஏறும்போது சிக்குகிறது

சர்ப்ளஸ் பிஸ்டல்களில் வரும் புகார்களில் இதுதான் பெரும்புகார். குற்றவாளி பெரும்பாலும் மேகசின். இரண்டு மேகசின் இருந்தால் டேப் ஒட்டி 1, 2 என்று எழுதுங்கள். எது எத்தனையாவது தோட்டாவில் சிக்கியது என்று குறித்துக்கொண்டே சுடுங்கள். எல்லாச் சிக்கலும் 1-லேயே என்றால் துப்பாக்கிக்கு ஒன்றுமில்லை.

தோட்டாவின் மூக்கு மேலே பார்த்து நிற்கிறது அல்லது கீழே சரிவில் முட்டி நிற்கிறது. முதலில் குண்டின் வடிவம். இந்தப் பிஸ்டல்கள் உருண்டை மூக்குள்ள, முழுக்கச் செம்புறை போட்ட குண்டுக்காகச் செய்தவை. மூக்கில் பள்ளமுள்ள ஹாலோ பாயிண்ட் இவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. குண்டை மாற்றினால் பெரும்பாலும் தீரும். தீரவில்லையென்றால் மேகசினின் உதடுகளை மேலிருந்து பாருங்கள்: இரண்டு பக்கமும் ஒரே அளவா, ஒன்று விரிந்து ஒன்று நெளிந்திருக்கிறதா? அடுத்து, தோட்டாவைத் தாங்கும் தட்டைக் கட்டைவிரலால் அழுத்திவிடுங்கள். துள்ளி எழ வேண்டும். சோம்பலாக ஏறினால் மெழுகு அல்லது களைத்த ஸ்ப்ரிங். மேகசின் ஸ்ப்ரிங் மாற்றுவது மலிவு. உதட்டை இடுக்கியால் நெம்பி நிமிர்த்தப் பலரும் ஆசைப்படுவார்கள். ஒரே ஒரு மேகசின்தான் இருக்கிறதென்றால் அந்த ஆசை வேண்டாம்.

.32 ஏசிபியில் நடுவில் அசையாமல் பூட்டிக்கொள்கிறது. இது தனி ரகச் சிக்கல். .32 தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு லேசாக வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஜான் பிரௌனிங் 1899 வாக்கில் வடிவமைத்தபோதே அப்படித்தான். மேகசினுக்குள் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் விழுந்துவிட்டால், மேல் தோட்டா முன்னே போகவே போகாது. ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் பலனில்லை, இன்னும் இறுகும். மேகசினை உருவி, அடித்தட்டைக் கழற்றி, தோட்டாக்களைக் கீழ்வழியாக இறக்குங்கள்.

இது வராமலிருக்க, தோட்டா நிரப்பும்போது ஒவ்வொன்றின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் உட்காரும்படி வைத்து, மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தோட்டா நீளமும் முக்கியம். அமெரிக்க ஹாலோ பாயிண்ட் தோட்டா குட்டை. மேகசினுக்குள் முன்னும்பின்னும் ஆட இடம் கொடுக்கும், ஆடினால் விளிம்பு தவறும். உருண்டை மூக்குத் தோட்டா 25 மி.மீ. நீளத்தை ஒட்டி வரும், ஆட இடமிருக்காது. செக் நாட்டு செல்லியர் பெல்லோ, செர்பியாவின் பிரவி பார்ட்டிசான், இத்தாலியின் ஃபியோக்கி மூன்றும் .32 செய்கின்றன. சிஇசட் 70க்கும் வால்தருக்கும் நான் வேறு போடுவதில்லை.

மேகசினே சரியாக உட்காரவில்லை. ரூபி வாங்கியவர்கள் கவனிக்க. 1915-ல் பிரெஞ்சு ராணுவம் ஸ்பெயினின் ஐபார் பட்டறைகளிடம் மொத்தமாக ஆர்டர் கொடுத்தபோது, ஒரே மாடலைப் பல பட்டறைகள் தத்தம் அளவில் செய்தன. ஒன்றின் மேகசின் இன்னொன்றில் நுழையும், ஆனால் வேலை செய்யாது. மேகசின் அடியிலும் துப்பாக்கியிலும் பட்டறை எழுத்துகள் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் ஸ்ப்ரிங் மாற்றிப் பயனில்லை, சரியான மேகசினைத் தேட வேண்டியதுதான். அதன் விலை சில சமயம் துப்பாக்கி விலையை நெருங்கும்.

கன்ஸ்மித்திடம் எப்போது: நல்ல மேகசின் இரண்டிலும், உருண்டை மூக்குத் தோட்டாவிலும் ஒரே இடத்தில் சிக்கினால். குழலின் ஏற்றச் சரிவை ட்ரெமல் என்ற கை அரவைக் கருவி வைத்து நீங்களே தேய்க்கக் கிளம்பாதீர்கள். தேய்த்ததைத் திரும்பச் சேர்க்க முடியாது.

## காலி கேஸ் வெளியே போகவில்லை

ஸ்லைடு வாயில் கேஸ் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கிறது. ஸ்லைடு முழுத்தூரம் பின்னால் போகவில்லை. பிடியைப் பாருங்கள். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் துப்பாக்கியும் சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடுக்கு வேகம் குறையும். அனுபவமுள்ள இன்னொருவரைச் சுடச் சொல்லுங்கள். அவர் கையில் ஓடினால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. அவர் கையிலும் நின்றால் தோட்டாவை மாற்றுங்கள். அமெரிக்காவில் செய்யும் .32 பொதுவாக ஐரோப்பியத் தோட்டாவைவிட மந்தம். ஐரோப்பாவில் செய்த பிஸ்டல் ஐரோப்பியத் தோட்டாவில்தான் சுறுசுறுப்பாக ஓடும். அதற்கும் மேல், முந்தைய சொந்தக்காரர் அளவுக்கு மீறி இறுக்கமான ரீக்காயில் ஸ்ப்ரிங் (ஸ்லைடை முன்னே தள்ளும் ஸ்ப்ரிங்) போட்டிருக்கலாம். மகரோவின் அசல் ஸ்ப்ரிங் 17 பவுண்ட். உள்ளே இருப்பது என்ன என்று தெரியாவிட்டால் புது 17 ஒன்றைப் போட்டுவிட்டுச் சோதியுங்கள். போடும்போது சின்ன விட்டமுள்ள முனை முதலில் குழலில் ஏற வேண்டும். மாற்றிப் போட்டால் ஸ்லைடு உரசும்.

கேஸ் சேம்பருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டது. இந்தச் சின்னப் பிஸ்டல்கள் பலவற்றில் குழலும் ஸ்லைடும் சுடும்போது பூட்டிக்கொள்வதில்லை. வெடிப்பின் வேகமே கேஸைப் பின்னால் தள்ளிவிடும். எக்ஸ்ட்ராக்டரின் வேலை சுடாத தோட்டாவை எடுப்பதும், வெளியே தட்டிவிடும் எஜெக்டரில் மோதும்வரை கேஸைப் பிடித்திருப்பதும்தான். அதனால் கேஸ் ஒட்டினால் எக்ஸ்ட்ராக்டரைப் பழிக்கும் முன் சேம்பரைப் பாருங்கள். அழுக்கா, துருக்குழியா? வெளிவந்த கேஸின் உடம்பில் கீறல் அல்லது புள்ளி புள்ளியாகத் தடம் இருந்தால் துருக்குழி. அழுக்கென்றால் பித்தளை பிரஷ்ஷை சேம்பருக்குள் சுழற்றுங்கள். குழியென்றால் கன்ஸ்மித்.

சுட்டால் வெளியே போகிறது, கையால் இழுத்தால் சுடாத தோட்டா வருவதில்லை. இப்போது எக்ஸ்ட்ராக்டர். ஸ்லைடைக் கழற்றி, ஒரு காலி கேஸை நகத்துக்கு அடியில் செருகி, ஸ்லைடை லேசாக ஆட்டுங்கள். கேஸ் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். விழுந்தால் நகத்துக்கு அடியில் ஊசியால் குடைந்து மெழுகை எடுங்கள், பிறகு திரும்பப் பாருங்கள். அப்படியும் விழுந்தால் எக்ஸ்ட்ராக்டர் ஸ்ப்ரிங், கடைசியாக எக்ஸ்ட்ராக்டர்.

## கேஸ் எங்கேயோ பறக்கிறது, உதை கையை அறைகிறது

ரீக்காயில் ஸ்ப்ரிங் களைத்துவிட்டது. பழைய ஸ்ப்ரிங்கையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழையது குட்டையாகத் தெரியும். மலிவான பாகம் இது, சந்தேகம் வந்த அன்றே மாற்றுங்கள். மாற்றாமல் சுட்டால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் சட்டத்தில் போய் மோதும். பிஏ-63க்கு அலுமினியச் சட்டம், அடி வாங்கிக்கொண்டே இருந்தால் விரிசல் விடும். ஸ்லைடு வந்து மோதும் இடத்தையும், டிரிக்கர் வளையம் மேலே சேரும் இடத்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். முடியளவு கோடு தெரிந்தாலும் அந்தத் துப்பாக்கி அலமாரிக்குத்தான்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஸ்லைடு கீறுவது கோளாறில் சேராது. பெரிய கை உள்ளவர்களை வால்தரும் பி-64ம் கடிக்கத்தான் செய்யும். பிடியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.

## கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்பதில்லை

அது நிற்கிற மாடல்தானா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எஃப்என் 1910, 1922 இரண்டிலும் அந்த ஏற்பாடே இல்லை. பெரெட்டா 1934-ல் மேகசின் தட்டுதான் ஸ்லைடைத் தடுத்து நிறுத்துகிறது. மேகசினை உருவினால் மூடிக்கொள்ளும், அது இயல்பு. நிற்க வேண்டிய மகரோவ், சிஇசட் 82 நிற்கவில்லையென்றால் மேகசின் ஸ்ப்ரிங்.

## சுடும்போது மேகசின் நழுவி விழுகிறது

கிரிப்பின் அடியில் கொக்கி உள்ள மாடல்களில் கொக்கியின் முனையும், மேகசினில் அது மாட்டும் பள்ளமும் தேய்ந்திருக்கும். மகரோவில் ஒரு விசேஷம் உண்டு. ஹேமரைத் தள்ளும் அதே தட்டை ஸ்ப்ரிங்கின் கீழ்முனைதான் மேகசின் கொக்கியும். ஒரே தகடு இரண்டு வேலை பார்க்கிறது, டிரிக்கரையும் அதன் இன்னொரு கிளைதான் தள்ளுகிறது. அதனால் மேகசின் நழுவுவதோடு பிரைமர் குழியும் மெலிந்திருந்தால், தனித்தனி நோயாகத் தேடாமல் அந்த ஒரு ஸ்ப்ரிங்கை மாற்றுங்கள். கிரிப்பை அண்மையில் மாற்றியிருந்தால், பழைய கிரிப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் செலவு செய்யுங்கள்.

## தானாக வெடித்தது, அல்லது ஒரு இழுப்பில் இரண்டு

இந்த ஒரு அறிகுறிக்கு முன்னால் சொன்ன தோட்டா, மேகசின், கிரீஸ், ஸ்ப்ரிங் வரிசை கிடையாது. துப்பாக்கியை இறக்கி, தோட்டாவை எடுத்து, பையில் போடுங்கள். இன்னொரு முறை வருகிறதா பார்ப்போம் என்று சோதிப்பது முட்டாள்தனம். ரேஞ்ச் அதிகாரியும் உங்களை வெளியே அனுப்பிவிடுவார். கீழே உள்ள சோதனைகள் எல்லாம் தோட்டா இல்லாமல், வீட்டில், கன்ஸ்மித்திடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக. வாங்கும் முன் கடையிலும் அனுமதி கேட்டு இவற்றைச் செய்யலாம். செய்ய வேண்டும் என்பேன்.

ஹேமரைப் பின்னிழுத்து நிறுத்தி, கட்டைவிரலால் முன்பக்கம் அழுத்தித் தள்ளுங்கள். விழக் கூடாது. விழுந்தால் ஹேமரைப் பிடித்திருக்கும் சியர் தேய்ந்துவிட்டது.

ஸ்லைடைத் திறந்து நிறுத்தி, காலி மேகசினோடு ஒரு முறை முழு வேகத்தில் மூட விடுங்கள். ஹேமர் பின்னாலேயே நிற்க வேண்டும். கூடவே போய் விழுந்தாலும் சியர்தான்.

டிரிக்கரை இழுத்துப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து விடுங்கள். ஹேமர் நிற்க வேண்டும். டிரிக்கரை விட்டதும் 'டிக்' என்று மாட்டிக்கொண்டு, மறுபடி இழுத்தால்தான் விழ வேண்டும். இது தவறினால் டிஸ்கனெக்டர் (ஒரு இழுப்புக்கு ஒரு வெடி மட்டும் என்று தடுக்கும் பாகம்).

சேஃப்டி நெம்பை நகர்த்தினால் ஹேமர் விழும் வகை என்றால் பென்சில் சோதனை. குழலை மேலே பார்க்க வைத்து, மெல்லிய பென்சிலைப் பின்பக்கம் உள்ளே போகும்படி குழலுக்குள் விடுங்கள். டிரிக்கரை இழுத்தால் பென்சில் துள்ளும். நெம்பால் ஹேமரை இறக்கும்போது அது அசையவே கூடாது. அசைந்தால் அந்த நெம்பு ஊசியைத் தடுக்கவில்லை. சிஇசட் 52-ல் இந்தச் சோதனையில் தேறினாலும், தோட்டா ஏறியிருக்கும்போது நெம்பைத் தொடாதீர்கள். தொட்டவுடன் வெடித்த சிஇசட் 52-கள் உண்டு. டோக்கரேவுக்கு வடிவமைப்பிலேயே தனி சேஃப்டி கிடையாது, ஹேமரின் பாதி நிலை மட்டும்தான். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டத்தின் இறக்குமதி விதிக்காகப் பின்னால் ஒரு நெம்பைச் சேர்த்திருப்பார்கள். அது அரைகுறையாக மாட்டி டிரிக்கரை இறுக்கினால் அதுவும் கன்ஸ்மித் வேலைதான்.

இந்த அறிகுறியில் வீட்டிலேயே தீரக்கூடியது ஒன்றே ஒன்று. ஸ்லைடு மூடும்போது வெடித்தது, நான்கு சோதனையும் சரியாக இருக்கிறது என்றால், மெழுகால் ஊசி வெளியே நீட்டியபடி ஒட்டியிருந்ததா என்று பாருங்கள். மகரோவ் போல ஊசிக்கு ஸ்ப்ரிங் இல்லாத துப்பாக்கியில் மெலிந்த பிரைமரும் சேர்ந்தால் இப்படி நடக்கும். சுத்தம் செய்த பிறகும் கன்ஸ்மித் ஒரு முறை பார்த்துவிட்டு, முதல் நாள் மேகசினில் ஒரு தோட்டா, அது சரியானால் இரண்டு. எட்டும் நிரப்ப அவசரமில்லை. சியரை அரத்தால் தொடுகிறவரிடமிருந்து மட்டும் துப்பாக்கி வாங்காதீர்கள். டிரிக்கர் வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று விற்பவர் பெருமைப்பட்டால் யார் வேலை செய்தது என்று கேளுங்கள்.

## குண்டு தாறுமாறாகப் போகிறது

அட்டையில் துளை வட்டமாக இருக்கிறதா, சாவித்துவாரம் மாதிரி நீளமாக இருக்கிறதா? நீளமென்றால் குண்டு சுழலாமல் பக்கவாட்டில் போகிறது. தோட்டா அளவைத் திரும்பப் பாருங்கள். மகரோவ் குண்டின் விட்டம் 9.27 மி.மீ., .380 குண்டு 9 மி.மீ. சுற்றித்தான். .380ஐ மகரோவில் போட்டால் உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும், குழலின் வரிகளைப் பிடிக்காமல் உருண்டுகொண்டு போகும். 2021-ல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புது இறக்குமதி அனுமதி நின்றபிறகு மலிவான 9x18 அருகிவிட்டது. அதிலிருந்து இந்தக் குறுக்குவழியை அடிக்கடி பார்க்கிறேன். வேண்டாம்.

தோட்டா சரி, துளை இன்னும் நீளம் என்றால் குழலின் வரிகள் தேய்ந்துவிட்டன. சிஇசட் 82-ன் குழலுக்குள் பார்த்துவிட்டு 'வரியே இல்லை, ஏமாந்துவிட்டேன்' என்று வருகிறவர்கள் உண்டு. அது பலகோணக் குழல், வரிகள் கூர்மையாகத் தெரியாது. உள்ளே குரோம் பூச்சும் உண்டு. நன்றாகத்தான் சுடும்.

துளை வட்டம், ஆனால் சிதறல் என்றால் துப்பாக்கியை மணல்மூட்டையில் வைத்து 7 மீட்டரில் சுடுங்கள். குழு சுருங்கினால் சிதறல் கையுடையது. எல்லாம் ஒரே இடத்தில் கூடி ஓரத்தில் விழுந்தால் பின்பக்கக் குறியை நகர்த்த வேண்டும், அதற்குரிய கருவி கன்ஸ்மித்திடம் இருக்கும்.

## மறுநாள் காலையில் குழலுக்குள் துரு

பழைய ராணுவத் தோட்டா சுட்டிருப்பீர்கள். டோக்கரேவின் 7.62x25 சர்ப்ளஸில் இது சர்வசாதாரணம். அந்தக் காலத்துப் பிரைமர் எரிந்தபின் உப்பு மிச்சமாகும், அது காற்றின் ஈரத்தை இழுக்கும். எண்ணெய்க்கு உப்பு கரையாது. வெந்நீரைக் குழல் வழியாக ஊற்றி, ஊசித்துளை, ஸ்லைடின் முகம், எக்ஸ்ட்ராக்டர் எல்லாவற்றையும் கழுவி, சூட்டிலேயே உலர்த்தி, பிறகு எண்ணெய். சுட்ட அன்று இரவே. குரோம் பூசிய குழல் தப்பிக்கும், ஸ்லைடு தப்பிக்காது. லேசான செந்துரு எண்ணெய்த் துணிக்கே போய்விடும். விரல்நகம் மாட்டும் குழி சேம்பரில் விழுந்துவிட்டால் முன்பு சொன்ன ஒட்டும் கேஸ் கதைதான் அடுத்தது.

## கன்ஸ்மித்திடம் போகும்போது

துப்பாக்கியை மட்டும் நீட்டாதீர்கள். இருக்கிற எல்லா மேகசின்களும், சிக்கிய அதே பெட்டித் தோட்டாவும், வெளிவந்த காலி கேஸ்கள் ஒரு கைப்பிடியும், மெலிந்த குழி விழுந்த பிரைமர் இருந்தால் அதுவும் வேண்டும். தோட்டாவைத் தனிப் பையில் வைத்து, போகும் முன் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். சில கடைகளில் தோட்டாவை உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள். அவர் பழைய ஐரோப்பியப் பிஸ்டல்களைத் தொடுகிறவரா என்றும் அப்போதே கேளுங்கள், எல்லோரும் தொடுவதில்லை. கூலி துப்பாக்கி விலையில் பாதியைத் தாண்டும் என்றால், அதே மாடலில் இன்னொன்று வாங்கிவிட்டு இதைப் பாகத்துக்கு வைத்துக்கொள்வதுதான் கணக்குக்கு ஒத்துவரும். மகரோவுக்கும் சிஇசட் 82க்கும் இது பொருந்தும். ரூபிக்குப் பொருந்தாது, அடுத்த ரூபியின் பாகமும் இதில் உட்காராது.